புகையே வராத வண்டி

வாகன ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ரிட்டயர் ஆனவளைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இந்த மாவட்டத்து வண்டிகளோடும் வண்டிக்காரர்களோடும் மல்லுக்கட்டியே என் தொண்டை கரகரத்துப் போய்விட்டது. ஊர் நம்மை பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறது. என்னை பிரேக் இன்ஸ்பெக்டரம்மா என்றார்கள். ஒரு வண்டியில் பிரேக்கைத் தவிர பார்க்க வேறு எதுவும் இல்லை என்று ஊரும் நம்புகிறது, நம்மில் பாதிப் பேரும் நம்புகிறார்கள். என் எரிச்சல் அங்கேயே தொடங்குகிறது.

எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ் எடுக்கிற நாளைப் பெண் பார்க்க வருகிற நாள் மாதிரித்தான் இங்கே கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் வண்டி குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு வரும். டயர்கூட இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு செட் டயரை நான் வேறு வேறு வண்டிகளில் பார்த்துப் பார்த்து, கடைசியில் அதன் பக்கவாட்டில் இருந்த வெட்டை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டேன். "இது போன வாரம் உங்க மச்சான் வண்டியில இருந்துச்சே" என்றால், "ஆமா மேடம், நல்லா இருக்காக" என்று மச்சானைப் பற்றிப் பதில் வரும். சாயங்காலம் டயர் மச்சான் வீட்டுக்குப் போய்விடும். நாம் பாஸ் போட்டது எதற்கு என்று யோசித்தால் தலை சுற்றும்.

லாரிக்காரனுக்காவது நம்மிடம் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்ற பயம் இருக்கிறது. சொந்தக் கார்க்காரனுக்கு அதுவும் இல்லை. பதினைந்து வருடம் கழித்து ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வரும்போதுதான் அவன் நம் முகத்தைப் பார்க்கிறான். அதற்குள் அந்தப் பெரிய குடும்ப வண்டி, எஸ்.யு.வி. என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது மூன்று நான்கு கை மாறியிருக்கும். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேர் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தேய்ந்து, மேடு பள்ளத்தில் இறங்கினால் பாத்திரக் கடை மாதிரிச் சத்தம் போடும். ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். இதையெல்லாம் கேட்டால், "பழைய வண்டின்னா அப்பிடித்தான் மேடம்" என்பார்கள். வண்டி சத்தம் போட்டால் பரவாயில்லை. குறையைச் சொல்லிக்கொண்டே ஓடுகிற வண்டி நல்ல வண்டி. வாயைத் திறக்காமல் இருக்கிறதே ஒரு வண்டி, அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இந்த மாவட்டத்தில் நான் வேலை பார்த்த கடைசி ஆபீஸ். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ரோடெல்லாம் மஞ்சள் சேலையும் வேன்களுமாக இருந்தது. ஆர்.சி. புதுப்பிக்க ஒரு வெள்ளை எஸ்.யு.வி. வந்திருந்தது. பெட்ரோல் வண்டி. அந்த மாதிரி வண்டிகளில் டீசல்தான் நிறைய ஓடும், பெட்ரோல் அபூர்வம். சொந்தக்காரர் பெயர் ஜெயக்கொடி. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலப்பதிலிருந்து வெடி காய்வது வரை யார் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. பருத்திச் சட்டை, பருத்தி வேட்டி. உரசினால் பொறி வரும் என்று நைலான் என்றாலே அவருக்கு ஆகாது. பேசும்போதுகூடப் பொறி பறந்துவிடுமோ என்பது போல மெதுவாகப் பேசுவார்.

அன்றைக்கு டெஸ்ட் பார்த்தது நான் இல்லை. பணியில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு தம்பி. கெட்டிக்காரன், நேர்மையானவன். அவன்மேல் எனக்கு இருந்த ஒரே குறை, கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பான், வண்டியைப் பார்க்க மாட்டான். காக்கிச் சட்டை அழுக்காகும் என்று வண்டியின் அடிப்பக்கம் பார்க்கிற குழிக்குள்ளும் இறங்க மாட்டான். கையெழுத்துக்கு என் மேஜைக்கு வந்தவன், "எல்லாம் பச்சை மேடம்" என்றான். பிரேக் சரி. லைட் சரி. ஹாரன் சரி. புகைச் சான்றிதழ் அதைவிடச் சரி. வழியில் நிற்கும் புகை டெஸ்ட் வேனில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பார்த்தேன். ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யம்.

"தம்பி, இந்த வண்டிக்கு வயசு என்ன?"

"பதினஞ்சு மேடம்."

"என் ஸ்கூட்டருக்கு வயசு மூணு. அதுக்கு இதைவிட அதிகமா வருது."

"அவங்க நல்லா மெயின்டெயின் பண்ணிருப்பாங்க மேடம்."

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மார்க் குறைவாக வந்தால் நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அதிகமாக வந்தால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கணக்கே வராத பிள்ளை திடீரென்று நூற்றுக்கு நூறு வாங்கினால் எந்த அம்மாவும் பக்கத்துப் பிள்ளையின் பேப்பரை எட்டிப் பார்ப்பாள். நாம் மட்டும் பச்சை நிறத்தைக் கண்டால் மயங்கி விடுகிறோம். மெஷின் பொய் சொல்லாது என்கிறான் தம்பி. சொல்லாதுதான். குழாயின் முனையில் என்ன வருகிறது என்று கேட்டோம், ஒன்றும் வரவில்லை என்று அது சொன்னது. வரவேண்டியது எங்கே போனது என்று நாம்தானே கேட்க வேண்டும்? அதை எந்த மெஷினும் தானாகச் சொல்லாது.

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனேன். வண்டி வேப்ப மர நிழலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, குடும்பம் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஜெயக்கொடி மட்டும் வெளியே நின்று என்னைப் பார்த்ததும் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"முடிஞ்சிருச்சா மேடம்? பேரனுக்கு முடி இறக்கணும். இப்பிடியே இருக்கன்குடி போறோம். ஒரு கையெழுத்துத்தான் பாக்கின்னு தம்பி சொன்னாக."

வண்டிக்குப் பின்னால் போய் சைலன்சர் குழாயின் முன் உள்ளங்கையைக் காட்டினேன். அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு காற்று குப்பென்று கையில் அடிக்க வேண்டும். மூக்கடைத்தவன் மூச்சு மாதிரி லேசாக வந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். குழாய்க்குள் கம்பி வலை. ஒன்று இல்லை, சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தது. அதன்மேல் கரி படிந்து வலையின் கண்கள் பாதிக்கு மேல் மூடிப் போயிருந்தன.

"இது என்னங்க?"

ஜெயக்கொடியின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எவனும் கேட்காததைக் கேட்டுவிட்டேன் என்ற சந்தோஷம்.

"அது நம்ம ஐடியா மேடம். கம்பெனிக்கு வர்ற லோடு வண்டிக்கெல்லாம் பொறி தடுக்குற சாமான் மாட்டுவோம்ல. நம்ம வண்டி வெளி கேட்டுலதான் நிக்கிது. இருந்தாலும் ஒரு பொறி போதுமே. அதான் நானே வலை வச்சிட்டேன். டீசல்னா கரி பொறியாப் பறக்கும்னுதான் பெட்ரோல் வண்டியாத் தேடி வாங்குனேன். அப்பப்ப இன்னொரு வலை சேத்துக்கிடுவேன்."

"பழைய வலைய எடுத்துட்டா?"

"எதுக்கு எடுக்கணும்? கூடுனா நல்லதுதான மேடம்."

கூடினால் நல்லதாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பெனிக்கென்று செய்த கருவியில் புகை போக வழி விட்டிருப்பார்கள். இவர் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி அடைத்து வைத்திருக்கிறார். எஞ்சின் விடுகிற மூச்சு பின்னால் போக வழியில்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது பிய்த்துக்கொண்டுதானே வரும். ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தேன். என் முட்டிக்கு அதெல்லாம் ஆகாத வயது. தம்பி சங்கடமாக நின்றான். இரண்டு குழாய்களைச் சேர்க்கிற இடத்தில் கேஸ்கட் எரிந்து போயிருந்தது. அதற்கு நேர் மேலே, வண்டியின் தரைத் தகட்டில் விசிறி போலக் கரி படிந்திருந்தது. அந்தக் கரிக்கு நடுவில் துரு. துருவுக்கு நடுவில் ஓட்டை. ஓட்டை வழியே உள்ளே விரித்த கால்மிதியின் அடிப்பக்கம் தெரிந்தது.

எழுந்து பின் கதவைத் திறந்தேன். உள்ளே ஏசிக் குளிர். வாசனை ஒன்றும் இல்லை, சாமிக்குக் கட்டிய மல்லிகைப் பூவைத் தவிர. ஜெயக்கொடியின் மனைவி நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு சாய்ந்திருந்தார். பக்கத்தில் மகள் செல்வி, மடியில் அவளுடைய கைக்குழந்தை. முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பையில் எலுமிச்சம்பழங்கள், நகத்தால் கீறி முகர்ந்தவை. சில இன்றைக்கு வாங்கியவை, சில காய்ந்து கறுத்துப் போனவை. முன் சீட்டில் ஒரு பழம்கூட இல்லை.

"இம்புட்டுப் பழம் எதுக்கும்மா?"

"தல சுத்துதுல்ல மேடம்" என்றார் மனைவி. "இந்த வண்டி வாங்குனதுல இருந்தே எனக்கு ஆகல. வாந்தி வாறாப்புல இருக்கும்."

"அவளுக்குப் பித்தம்" என்றார் ஜெயக்கொடி வெளியிலிருந்து. "எனக்கு ஒண்ணும் செய்யிறதில்லையே."

அவருக்கு எப்படிச் செய்யும்? ஓட்டும்போது தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு வெற்றிலை போடுகிறவர் அவர். பின்னால் உட்கார்ந்தவர்கள்தான் ஓட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் தலைவலி என்று சொன்னால் பித்தம், பசி, நடிப்பு என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், வண்டியை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆலங்குளத்து லாரி டிரைவரிலிருந்து சிவகாசி முதலாளி வரை எல்லாரும் ஒரே ஜாதி.

நான் குழந்தையைப் பார்த்தேன். கன்னம் செக்கச் செவேல் என்று இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எவ்வளவு நேரமாத் தூங்குறான்?"

"ஏறுனதுல இருந்து மேடம்" என்றாள் செல்வி. அவளுக்கே கண் சொருகிக்கொண்டு வந்தது. "வீட்ல எம்புட்டு ஆட்டுனாலும் தூங்க மாட்டான். வண்டில ஏத்தி ஏசியப் போட்டாப் போதும், பொட்டுனு தூங்கிருவான்."

"வண்டி ஓடும்போதா?"

"நிக்கும்போதுந்தான். மத்தியானம் சாப்பிட வாறப்ப அப்பா ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு உள்ள போவாக. நானும் இவனும் இதுலயே படுத்துக்கிடுவோம். தினமும் அப்பிடித்தான்."

தினமும். நின்ற இடத்தில், கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷத்துக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. அது வருகிறது என்று சொல்ல எலுமிச்சம்பழத்தைத் தவிர அந்த வண்டியில் ஒரு அடையாளமும் இல்லை. பிள்ளை சமத்தாகத் தூங்குகிறான் என்று வீடே சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறது.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க. எல்லாரும் கீழ இறங்குங்க. கதவு பூராவும் திறங்க."

"ஏன் மேடம், வெயில்ல..."

"இறங்குங்கன்னு சொன்னேன்."

நான் போட்ட சத்தத்தில் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைச் செல்வி கையிலிருந்து வாங்கினேன். அவன் தலை என் தோளில் கனமாக விழுந்தது. காலைச் சுண்டினேன். கன்னத்தைத் தட்டினேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் ஊரைக் கூட்டுமே, இவன் முனகக்கூட இல்லை. இன்னும் பலமாகச் சுண்டியபோது புருவத்தைச் சுருக்கினான், அவ்வளவுதான். நான் பிள்ளை பெற்று வளர்த்தவள். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

ஜெயக்கொடிக்கு அப்போதுதான் முகம் மாறியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுங்க, இதுலயே போயிருவோம்" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபம் மாதிரி என் சர்வீஸில் எனக்கு வந்ததே இல்லை. கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கினேன். "இந்த வண்டிதான்யா பிள்ளைய இப்பிடி ஆக்கிருக்கு" என்று கத்தினேன். அவர் புரியாமல் நின்றார். தம்பியைப் பாராட்ட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அந்த நேரத்தில் ஓடிப்போய்த் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டான். செல்வியும் அவள் அம்மாவும் குழந்தையோடு நானும் ஏறினோம். கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னேன். ஜெயக்கொடி யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் முதலில் சொன்னது, காரின் புகை என்றுதான். அதைச் சொல்லாவிட்டால் வெயில், காய்ச்சல் என்று வேறு வழியில் போயிருப்பார்கள். பிள்ளை முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். செல்விக்கும் வைத்தார்கள். அவள் படுத்துக்கொண்டே அந்தப் பக்கக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கையை அசைத்தான். முகத்தில் வைத்ததைத் தள்ளிவிட்டான். பிறகு ஒரு அழுகை அழுதான் பாருங்கள், அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் என்னிடம், "இப்படியே இருக்கன்குடி வரைக்கும் போயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது மேடம்" என்றார். அதோடு தினமும் சிறுகச் சிறுக விஷம் உள்ளே போனதால் குழந்தையைக் கொஞ்ச காலம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வராந்தாவில் ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நடந்ததை அவருக்கு விளங்கச் சொன்னேன். வலை அடைத்தது, கேஸ்கட் எரிந்தது, எல்லாம். தரைத் தகடு எப்படி அவ்வளவு துருப் பிடித்தது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"தெனமும் உள்ள ஓஸ் போட்டுக் கழுவுவேன் மேடம்" என்றார். "சட்டையில மருந்துத் தூசி ஒட்டிக்கிட்டு வரும்ல. கம்பெனித் தரையக் கழுவுற மாதிரி வண்டியையும் கழுவிருவேன். தூசி கெடந்தா ஆபத்து."

காரின் உள்ளே ஓஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கிற மனிதரை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. துருவையும் அவரே உண்டாக்கினார், அடைப்பையும் அவரே உண்டாக்கினார். இரண்டையும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்தார். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "பொறிக்குத்தான மேடம் பயந்தேன். எங்க அண்ணன் அதுலதான் போனாக" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு எரிச்சலும் போகவில்லை. ஒரு ஆபத்தை நேரில் பார்த்தவனுக்கு உலகத்தில் வேறு ஆபத்தே கண்ணில் படாது. நம் வேலையே அவன் பார்க்காத பக்கத்தைப் பார்ப்பதுதான். அவன் காட்டுகிற பக்கத்தையே நாமும் பார்த்துவிட்டு வந்தால் நமக்கு எதற்குச் சம்பளம்?

அன்றைக்கு வண்டியை ஃபெயில் போட்டேன். சைலன்சர் கசிவு, தரைத் தகடு ஓட்டை. தம்பி மெதுவாக, "மேடம், சிஸ்டத்துல எல்லாம் பச்சையா இருக்கே, எப்படிச் சிவப்பாக்குறது?" என்று கேட்டான். குழிக்குள் இறங்கிப் பார்த்து நீயே எழுது என்றேன். இறங்கினான். மேலே வந்தபோது அவன் காக்கிச் சட்டை கரியாக இருந்தது. அன்றைக்குத்தான் அவனைப் பார்க்க எனக்கு இன்ஸ்பெக்டர் மாதிரி இருந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. ஜெயக்கொடி வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தார். வலையை எல்லாம் எடுத்துவிட்டார். கம்பெனிக்கு இனி பஸ்ஸில் போகிறாராம். துருப் பிடித்த தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங். குழாய் இணைப்பு புதிது. தம்பி குழிக்குள் இறங்கி டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தான். நான் பின்னால் போய்க் கையை வைத்தேன். குப்பென்று காற்று அடித்தது. புகை டெஸ்டையும் எங்கள் முன்னாலேயே எடுக்கச் சொன்னோம். ரீடிங் அளவுக்குள்தான் இருந்தது, ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லை. பதினைந்து வயது வண்டிக்கு எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவு வந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை வாங்கிய ஜெயக்கொடி போகாமல் நின்றார்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. செல்வி வண்டில ஏற மாட்டேங்கா. இங்கன வாரதுக்கே பஸ்லதான் வந்தா. இன்னைக்காவது கோயிலுக்குப் போயி முடி இறக்கிருவோம்னு பாத்தா, அதுக்கும் பஸ்லயே போறேங்கா. வண்டி சரியாயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

வெளியே வந்தேன். செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். வண்டிக்குக் கிட்டேயே வரவில்லை.

"எல்லாம் பாத்தாச்சும்மா. நல்லா இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மரியாதையான பெண். குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அன்னைக்கும் எல்லாம் பச்சைன்னுதான மேடம் சொன்னாக. நீங்க பின்னாடி ஏறி உக்காருங்க. கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காருங்க. நான் பாக்கேன்."

தம்பிகளே, தங்கைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட மை காயவில்லை. நானே கையை வைத்துப் பார்த்த வண்டி. அப்படியிருந்தும் அவள் சொன்னதும் என் கால் ஒரு நொடி நகரவில்லை. ஊரான் பிள்ளை ஏறுவதற்கு நான் நல்லது என்று எழுதிக் கொடுத்த வண்டியில் நான் ஏறத் தயங்கினேன். பயிற்சியில் சொல்லித் தராத ஒரு டெஸ்ட்டை அந்தப் பெண் எனக்கு வைத்தாள். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் அந்த டெஸ்ட்டை நான் எனக்கே வைத்துக்கொண்டேன். நம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பின் சீட்டில் உட்காருவோமா? ஆமாம் என்று உடனே வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் குனிந்து பாருங்கள்.

விண்ணப்பம் கொடுத்தவரின் வண்டியில் ஓசியில் ஏறுவதில்லை என்பது என் வழக்கம். அன்று சாயங்காலம் மட்டும் அதை விட்டேன். நான் குடியிருந்தது சாத்தூரில், அவர்கள் போகிற வழிதான். பின் கதவைத் திறந்து, ஓட்டை இருந்த இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போடச் சொன்னேன். செல்வி வெளியே நின்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் அப்பா அவசரப்படுத்தவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் ஏறி, பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

சாத்தூர் வரைக்கும் அந்தப் பயல் கண்ணை மூடவில்லை. என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான். தாத்தாவின் சீட்டைப் பின்னாலிருந்து உதைத்தான். காரணமே இல்லாமல் வீறிட்டுக் கத்தினான். எனக்குக் காது வலித்தது. செல்வி ஒரு தடவைகூட அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை, தூங்குடா என்று சொல்லவும் இல்லை.